ஓசை எழுப்பாத வித்வான்

2023-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். மும்பை நரிமன் பாயிண்டில் கடலோரமாக நிற்கும் தேசிய நிகழ்கலை மையம். மேடை நிறைய வயலின்கள், செல்லோக்கள், புல்லாங்குழல்கள், கொம்புகள், பேரிகைகள். சுருதி சேர்த்தாகிவிட்டது. 87 வயது முதியவர் ஒருவர் மேடைக்கு வருகிறார். அவர் கையில் வாத்தியம் எதுவும் இல்லை. மெல்லிய குச்சி ஒன்றுதான் இருக்கிறது.

அவர்தான் ஜுபின் மேத்தா. வியன்னா, பெர்லின், லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க், டெல் அவீவ் என்று உலகின் பெரிய வாத்தியக் குழுக்களையெல்லாம் நடத்திய மனிதர். ஆனால் தாம் பிறந்த நகரத்திலேயே அமைந்த ‘சிம்பனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா’ என்ற குழுவை அவர் நடத்தியது அதுவே முதல் முறை.

அதற்கு 88 ஆண்டுகளுக்கு முன்னால், 1935-ல், இதே நகரில் ஒரு சிம்பனி குழுவைத் தொடங்கியவர் அவருடைய தந்தை. அந்தக் குழு நிலைக்கவில்லை. தந்தையும் மகனும் ஊரை விட்டுப் போக நேர்ந்தது. ஜுபின் மேத்தாவின் புகழ்க்கதை பலருக்கும் தெரியும். பம்பாயில் நிலைக்காமல் போன அந்தக் குழுவின் கதையைச் சேர்த்துப் படித்தால்தான் அது முழுமை பெறும்.

குச்சிக்கு என்ன வேலை?

கண்டக்டர் என்றால் மும்பைத் தமிழர்களுக்கு முதலில் நினைவுக்கு வருபவர் பெஸ்ட் பஸ்ஸில் டிக்கெட் கொடுப்பவர்தான். மேனாட்டுச் சங்கீதத்தில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. நூறு பேர் வாசிக்கும் குழுவின் முன்னே நின்று, அவர்களை ஒரே ஆள் வாசிப்பதுபோல் வாசிக்கச் செய்பவரே அங்கே கண்டக்டர்.

கிங்ஸ் சர்க்கிளில் ஷண்முகானந்தா ஹாலில் கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு இப்படி ஓர் ஆள் எதற்கு என்று தோன்றலாம். கர்நாடக சங்கீதக் கச்சேரியில் பாடகர் நடுநாயகமாக அமர்கிறார். வயலின்காரரும் மிருதங்கக்காரரும் அவர் முகத்தைப் பார்த்தே வாசித்துவிடுகிறார்கள். தாளம் தொடையிலேயே விழுகிறது. நான்கைந்து பேருக்குள் கண்ஜாடை போதும்.

பெரிய சிம்பனி குழுவின் கணக்கு வேறு. முதல் வயலின் 16, இரண்டாம் வயலின் 14, வயோலா 12, செல்லோ 10, டபுள் பாஸ் 8 என்று தந்தி வாத்தியங்களே 60 ஆகிவிடும். அதற்கு மேல் குழல்கள், கொம்புகள், தோல் வாத்தியங்கள். ஒவ்வொருவர் முன்னாலும் அவரவர் வாசிக்க வேண்டிய பகுதி மட்டுமே எழுதி வைக்கப்பட்டிருக்கும். ஜால்ரா தட்டுபவர் நூறு தாள வட்டங்கள் எண்ணிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்து, உரிய இடத்தில் ஒரே ஒரு தட்டுத் தட்ட வேண்டியிருக்கும். பிறர் என்ன வாசிக்கிறார்கள் என்பது அவருடைய தாளில் இராது.

முழு உருப்படியும் கண்டக்டரிடம் மட்டுமே உண்டு. ஒன்றன் கீழ் ஒன்றாக இருபது முப்பது வரிகள் ஒரே சமயத்தில் ஓடும் அந்தச் சுவடியை அவர் கண்ணால் படித்து மனத்தால் கேட்க வேண்டும். வலக்கை தாளம் காட்டும். யார் எப்போது நுழைய வேண்டும், எங்கே தணிய வேண்டும், எங்கே பொங்க வேண்டும் என்பதை இடக்கை சொல்லும். உண்மையான உழைப்போ கச்சேரிக்கு முந்தைய ஒத்திகைகளில் இருக்கிறது. நூறு பேர் வாசிக்கும்போது ஒருவருடைய சுருதி மயிரிழை விலகினாலும் காதுக்குத் தெரிந்தாக வேண்டும்.

இத்தனைக்கும், மேடையில் ஓசை எழுப்பாத ஒரே வித்வான் அவர்தான். அதனால் அவருக்கு ஒரு சங்கடமும் உண்டு. வயலின் வித்வான் ஒரு சாலில் ஒண்டுக் குடித்தனம் நடத்தினாலும் கதவைச் சாத்திக்கொண்டு சாதகம் செய்யலாம். கண்டக்டரால் அது முடியாது. அவருடைய வாத்தியம் நூறு மனிதர்கள். அந்த வாத்தியம் இல்லாத ஊரில் அவர் வித்வானே அல்ல. ஜுபின் மேத்தா ஊரை விட்டுப் போனதற்குக் காரணம் இதுதான்.

கஃப் பரேடு வீட்டுப் பையன்

ஜுபின் 1936 ஏப்ரல் 29-ல் பம்பாயில் ஒரு பார்ஸி குடும்பத்தில் பிறந்தார். தந்தை மெஹ்லி மேத்தா, தாய் தெஹ்மினா. மெஹ்லி 1908-ல் பிறந்தவர். பெரும்பாலும் சுயமாகவே வயலின் கற்றுத் தேர்ந்தவர். 1935-ல் அவர் தொடங்கிய பம்பாய் சிம்பனி குழுவில் முதல் பத்தாண்டு முதல் வயலின் கலைஞராகவும், அடுத்த பத்தாண்டு கண்டக்டராகவும் இருந்தார். 1940-ல் நால்வர் வாசிக்கும் தந்தி வாத்தியக் குழு ஒன்றையும் அமைத்தார்.

வீட்டில் எந்நேரமும் சங்கீதம்தான். கிராமபோன் தட்டுகள் ஒரு பக்கம், ஒத்திகை ஒரு பக்கம். பீத்தோவனும் பிராம்ஸும் பிள்ளையின் காதில் தாலாட்டைப்போல் விழுந்தார்கள். 1945-ல் மெஹ்லி மேல்பயிற்சிக்காக நியூயார்க் சென்று, இவான் கலாமியன் என்ற புகழ்பெற்ற ஆசிரியரிடம் பயின்றார். அந்தச் சில ஆண்டுகள் குடும்பம் பம்பாயிலேயே இருந்தது. பிழைப்புக்காகக் குடும்பத்தைப் பிரிந்து வாழ்வதன் சுமை பம்பாய்த் தமிழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சங்கீதத்தை நம்பிப் பிழைக்க முடியுமா என்ற கவலை அந்த வீட்டிலும் இருந்தது. மஜ்காவ் செயின்ட் மேரீஸ் பள்ளியில் படித்த ஜுபின், டாக்டர் ஆகும் உத்தேசத்தோடு செயின்ட் சேவியர்ஸ் கல்லூரியில் சேர்க்கப்பட்டார். ஆனால் அறுவைக் கத்தி பிடிக்க வேண்டிய நேரத்தில் அவருடைய தலைக்குள் சிம்பனி ஓடிக்கொண்டிருந்தது. 1952-ல் உலகப் புகழ் பெற்ற வயலின் மேதை யெஹூதி மெனூஹின் பம்பாய் வந்தார். அப்போது நடந்த ஒத்திகையில் குழுவை நடத்திப் பார்க்கும் வாய்ப்பு ஜுபினுக்குக் கிடைத்தது. அதன் பின் மருத்துவப் படிப்பு நெடுநாள் தாக்குப்பிடிக்கவில்லை.

சபை வளர்ந்தது, சிம்பனி தளர்ந்தது

மெனூஹின் வந்த அதே 1952-ல்தான் ஷண்முகானந்தா சபை பம்பாயில் தோன்றியது. தென்னிந்தியர்கள் கூடி வளர்த்த அந்தச் சபை 1963-ல் சொந்த ஹாலும் கண்டது. வெளியூரிலிருந்து வந்தவர்களின் சங்கீதம் பம்பாயில் வேரூன்றிவிட்டது. அதே ஊரில் பிறந்த மெஹ்லி மேத்தாவின் சிம்பனியோ தளர்ந்துகொண்டிருந்தது. ஏன்?

ரசனை மட்டும் காரணமல்ல, கணக்கும் ஒரு காரணம். ஒரு கச்சேரிக்கு மேடையில் நான்கைந்து பேர் போதும். ரசிகர்களின் சந்தாவில் ஒரு சபையை நடத்திவிடலாம். சிம்பனிக்கு எண்பது பேர் வேண்டும். அவர்கள் மாதக்கணக்கில் சேர்ந்து ஒத்திகை பார்க்க வேண்டும். அதற்கு மாதச் சம்பளம் வேண்டும். பம்பாய்க் குழுவில் தந்தி வாத்தியம் வாசிக்கப் பார்ஸிகளும் ஐரோப்பியர்களும் கிடைத்தார்கள். ஊது வாத்தியத்துக்குக் கடற்படை பாண்டுக்காரர்களை நாட வேண்டியிருந்தது. கோவாக்காரர்கள் திறமைசாலிகள்தான். ஆனால் அவர்களுக்குச் சோறு போட்டது சினிமா ஒலிப்பதிவுக் கூடமும் ஹோட்டல் நடன மேடையும். அவை போக மிஞ்சிய நேரத்தில்தான் பீத்தோவன். சுதந்திரத்துக்குப் பின் ஐரோப்பியர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள்.

1950-களின் நடுவில் மெஹ்லி மேத்தாவே பம்பாயை விட்டு இங்கிலாந்து போனார். மான்செஸ்டர் நகரில் ஜான் பார்பிரோலி நடத்திய ஹாலே குழுவில் ஐந்தாண்டுகள் வயலின் வாசித்தார். சொந்த ஊரில் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் அங்கே மற்றொருவரின் குச்சிக்குக் கட்டுப்பட்டு அமர்ந்தார். பிறகு அமெரிக்கா சென்றார். பம்பாய் சிம்பனி கலைந்துபோயிற்று.

வியன்னாவில் பாடகர் வேஷம்

மகன் 1954-ல், 18-வது வயதில், வியன்னா போய்ச் சேர்ந்தார். சங்கீதக் கல்லூரியில் ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கி என்ற கண்டிப்பான ஆசிரியரிடம் பாடம். கையை வீசுவது முக்கியமல்ல, உருப்படியின் எலும்புக்கூடு மனத்தில் நிற்க வேண்டும் என்பது அவருடைய போதனை. பல உருப்படிகளைச் சுவடி இல்லாமல் மனப்பாடமாகவே நடத்தும் வல்லமைக்கு அங்கேதான் அஸ்திவாரம் விழுந்தது. கூடவே டபுள் பாஸ் வாசிக்கவும் கற்றார்.

பெரிய கண்டக்டர்களின் ஒத்திகைகளைப் பார்க்க மாணவர்களுக்கு அனுமதி இல்லை. ஜுபினும், பின்னாளில் அவரைப்போலவே புகழ் பெற்ற கிளாடியோ அப்பாடோ என்ற இத்தாலிய மாணவரும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சங்கீத சபையின் சேர்ந்திசைக் குழுவில் பாடகர்களாகச் சேர்ந்துவிட்டார்கள். பாடகரை ஒத்திகையிலிருந்து யார் விரட்ட முடியும்? புரூனோ வால்டர், கராயன் போன்றவர்கள் வேலை செய்யும் விதத்தை இப்படி எதிரே நின்று கற்றார்கள்.

1956-ல் ஹங்கேரியில் புரட்சி நசுக்கப்பட்டு, அகதிகள் ஆஸ்திரியாவுக்குள் வந்து குவிந்தார்கள். ஜுபின் ஒரே வாரத்தில் மாணவர்களைத் திரட்டி ஒரு குழு அமைத்து, அகதிகள் முகாமில் கச்சேரி நடத்தினார். துன்பப்படுகிறவர்களிடம் சங்கீதத்தைக் கொண்டுபோகும் அவருடைய பழக்கம் அன்று தொடங்கியது.

1958-ல் லிவர்பூலில் நடந்த சர்வதேசப் போட்டியில் முதல் பரிசு பெற்று, அந்நகரக் குழுவில் ஓராண்டு உதவிக் கண்டக்டரானார். அதற்குப் பின் கதவுகளைத் திறந்துவிட்டது பிறருடைய உடல்நலக் குறைவு எனலாம். 1960-ல் மான்ட்ரியலில் மார்கெவிச் நோயுற்றபோது அவருக்குப் பதிலாக நடத்தினார். 1961-ல் லாஸ் ஏஞ்சலஸில் ஃபிரிட்ஸ் ரைனருக்குப் பதிலாக நடத்தினார். அதே ஆண்டில் டெல் அவீவில் ஓர்மண்டிக்குப் பதிலாக நடத்தினார். சில நாள் அவகாசத்தில் வந்து நின்ற இளைஞனை மூன்று ஊர்களும் விடவில்லை. 25 வயதுக்குள் வியன்னா, பெர்லின் குழுக்களையும் நடத்தி முடித்திருந்தார்.

லாஸ் ஏஞ்சலஸில் ஒரு விபரீதமும் நேர்ந்தது. அங்கே இசை இயக்குநராகப் பொறுப்பேற்கவிருந்த ஜார்ஜ் ஷோல்ட்டி, தம்மைக் கேளாமல் மேத்தாவை உதவியாளராக நியமித்தார்கள் என்று கோபித்து விலகினார். அந்தப் பெரிய நாற்காலி 1962-ல் 26 வயது பம்பாய்க்காரருக்கு வந்து சேர்ந்தது. மான்ட்ரியல் குழுவையும் 1967 வரை சேர்த்தே நடத்தினார். வட அமெரிக்காவில் இரண்டு பெரிய குழுக்களுக்கு ஒரே சமயத்தில் தலைமை வகித்த முதல் மனிதர் அவர்தான்.

லாஸ் ஏஞ்சலஸில் 1978 வரை 16 ஆண்டுகள். பின்னர் நியூயார்க் பில்ஹார்மானிக்கில் 1991 வரை 13 ஆண்டுகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகள். நியூயார்க் விமர்சகர்கள் அவரிடம் தாராளமாக நடந்துகொள்ளவில்லை. பகட்டு அதிகம், ஆழம் போதாது என்று பலமுறை எழுதினார்கள். அவர் காரியத்திலேயே கண்ணாக இருந்தார். பண்டிட் ரவிசங்கரின் இரண்டாவது சிதார் கன்செர்ட்டோவை 1981-ல் நியூயார்க் மேடை ஏற்றியது அவர் குச்சிதான். 1990-ல் உலகக் கோப்பைக் கால்பந்து இறுதிப் போட்டிக்கு முந்தைய இரவு, ரோம் நகரில் பவரோட்டி, டொமிங்கோ, கரேராஸ் மூவரும் சேர்ந்து பாடிய கச்சேரியை நடத்தியதும் அவரே.

டெல் அவீவும் ஸ்ரீநகரும்

பம்பாய் சிம்பனி தோன்றிய மறு வருஷம், 1936-ல், டெல் அவீவில் ஒரு குழு பிறந்தது. ஐரோப்பாவிலிருந்து விரட்டப்பட்ட யூத வித்வான்கள் அதில் சேர்ந்தார்கள். பிற்காலத்து இஸ்ரேல் பில்ஹார்மானிக் அதுதான். பம்பாய்க் குழு கலைந்தது. டெல் அவீவ் குழு நிலைத்தது. ஜுபின் மேத்தா 1969-ல் அதன் இசை ஆலோசகரானார். 1977-ல் இசை இயக்குநரானார். 1981-ல் அந்தப் பதவியை ஆயுள் காலத்துக்கும் அவருக்கே அளித்தார்கள். 2019 அக்டோபரில்தான் விடைபெற்றார்.

1967-ல் போர் மூண்டபோது மற்ற ஊர்க் கச்சேரிகளை விட்டுவிட்டு அங்கே பறந்தார். 1991-ல் வளைகுடாப் போரின்போதும் சென்றார். ஜெருசலேமில் கச்சேரி நடுவே அபாயச் சங்கு ஊதியது. சபையோர் விஷவாயு முகமூடி அணிந்து அமர்ந்திருக்க, வயலின் மேதை ஐசக் ஸ்டெர்ன் தனியாக பாக் வாசித்த சம்பவம் மேத்தா நடத்திய கச்சேரியில்தான் நடந்தது.

ஆனால் சங்கீதம் எல்லாக் காயத்தையும் ஆற்றிவிடும் என்பதற்கு அவர் வாழ்க்கை சாட்சி சொல்லவில்லை. 1981-ல் டெல் அவீவ் மேடையில் வாக்னரின் இசையை வாசிக்க முனைந்தார். ஹிட்லர் கொண்டாடிய இசை என்பதால் அங்கே அது ஒதுக்கப்பட்டிருந்தது. விரும்பாதவர்கள் வெளியேறலாம் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் தொடங்கினார். அரங்கப் பணியாளர் ஒருவர் மேடை ஏறி, சட்டையை விலக்கித் தம் உடலின் தழும்புகளைக் காட்டினார். அந்த முயற்சி பிறகு கைவிடப்பட்டது.

2013 செப்டம்பரில் ஸ்ரீநகர் ஷாலிமார் தோட்டத்திலும் அப்படித்தான். ஜெர்மனியின் பவேரிய அரசுக் குழுவோடு காஷ்மீர் மக்களுக்கு வாசிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு வந்தார். தோட்டத்துக்குள் அழைப்பு பெற்றவர்கள் இருந்தார்கள். வெளியே கடையடைப்பும் கடுங்காவலும். எதிர்ப்பாளர்கள் நகரின் மற்றொரு பக்கம் போட்டிக் கச்சேரியே நடத்தினார்கள்.

சென்ற இடமெல்லாம் இப்படி முடிந்துவிடவில்லை. 1994-ல் குண்டுவீச்சில் கூரை இழந்து நின்ற சராயேவோ நூலகத்தின் இடிபாடுகளுக்குள் மொஸார்ட்டின் இரங்கல் இசையை நடத்தினார். இஸ்ரேலில் அரபுச் சிறுவர்களுக்கு மேனாட்டு இசை கற்பிக்கும் திட்டத்துக்குத் துணை நின்றார். அந்நாட்டு அரசின் கொள்கைகளைப் பகிரங்கமாக விமர்சிக்கவும் தயங்கியதில்லை.

சட்டைப்பையில் மிளகாய்

அமெரிக்காவில் வீடு, ஐரோப்பாவில் வேலை, இஸ்ரேலில் உறவு என்று வாழ்ந்தும் இந்தியக் குடியுரிமையை அவர் விடவில்லை. கிரிக்கெட் மோகமும் குறையவில்லை. எந்த நாட்டு விருந்துக்குப் போனாலும் கையோடு காரமான மிளகாய் கொண்டுபோவார் என்பது பிரசித்தம். 1966-ல் பத்ம பூஷணும் 2001-ல் பத்ம விபூஷணும் அவரைத் தேடி வந்தன.

ஊருக்கு வரும்போதெல்லாம் மிளகாயோடு தம் வாத்தியத்தையும் கூட்டி வர வேண்டியிருந்தது. 1984-ல் நியூயார்க் குழுவை அழைத்து வந்தார். இந்தியாவும் இஸ்ரேலும் தூதரக உறவு கொண்ட பின், 1994-ல் இஸ்ரேல் குழுவை அழைத்து வந்தார். சுனாமியின் முதலாண்டு நினைவு நாளான 2005 டிசம்பர் 26-ல், சென்னை மியூசிக் அகாடமி மேடையில் பவேரிய அரசுக் குழு வாசித்தது. மார்கழிக் கச்சேரிகளுக்குப் பேர்போன அந்த மேடையில் அன்று அலையில் மாண்டவர்களுக்காக மேனாட்டு இசை ஒலித்தது. ஒவ்வொரு முறையும் நூறு பேர் கடல் கடந்து வந்து, வாசித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஊரில் வாத்தியம் இல்லை.

தந்தை மெஹ்லி அமெரிக்காவிலும் பழைய வேலையைத்தான் செய்தார். லாஸ் ஏஞ்சலஸில் 1964-ல் இளைஞர்களுக்கென ஒரு சிம்பனி குழு தொடங்கி, 1998 வரை அவரே நடத்தினார். பம்பாயில் ஆள் கிடைக்காமல் தவித்தவர் அங்கே ஆட்களைத் தயாரிக்கும் பட்டறையையே அமைத்துவிட்டார். 2002-ல் 94-வது வயதில் காலமானார். அவர் பெயரால் 1995-ல் மும்பையில் தொடங்கப்பட்ட அறக்கட்டளை சிறுவர்களுக்கு மேனாட்டு இசை கற்பிக்க முன்வந்தது.

2006-ல் நரிமன் பாயிண்டில் ‘சிம்பனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா’ அமைந்தது. அதிலும் இந்தியக் கலைஞர்கள் மட்டும் போதவில்லை. கச்சேரிக் காலத்தில் பல நாட்டு வித்வான்கள் வந்து சேர்ந்தால்தான் மேடை நிரம்புகிறது. மெஹ்லி மேத்தா எதிர்கொண்ட அதே கணக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஆனாலும் அது மும்பையின் குழு.

2023-ல் அந்தக் குழுவின் முன்னே ஜுபின் மேத்தா நின்ற அரங்கம், அவர் சிறு பையனாகத் தந்தையின் ஒத்திகை கேட்டு வளர்ந்த கஃப் பரேடிலிருந்து கூப்பிடு தூரம்தான். 18 வயதில் வாத்தியத்தைத் தேடிப் புறப்பட்டவருக்கு இந்தக் கூப்பிடு தூரம் வந்து சேர 69 ஆண்டுகள் ஆயின. அடுத்த கண்டக்டர் எந்த ஊர்ப் பிள்ளையாக இருப்பார் என்பது அந்த மேடையில் தீர்மானமாகப் போவதில்லை. இன்று மும்பைச் சந்து ஒன்றில் வயலினில் சுருதி தப்பி, ஆசிரியையிடம் திட்டு வாங்கிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு இன்னும் எழுபத்தொன்பது கூட்டாளிகள் கிடைக்கிறார்களா என்பதில்தான் அது இருக்கிறது.